பழைய பிக்கப், புது எஞ்சின்: பெட்ரோல் பாதையை எங்கிருந்து தொடங்குவது?

எஞ்சினை இறக்கியாயிற்று, கியர்பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது, ரேடியேட்டரும் பொருந்திவிட்டது. “பெட்ரோல் லைன்தானே, கடைசியில் ஒரு ஹோஸை இழுத்துவிட்டால் ஆச்சு” என்ற பேச்சு பட்டறையில் எழுவது இந்தக் கட்டத்தில்தான். பழைய பிக்கப்புக்குப் புது எஞ்சின் வைக்கிறவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். காலையில் வாசலில் முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆன வண்டி, சித்திரை வெயிலில் குன்றக்குடி தாண்டியதும் இருமி நின்றுவிடும். அரைமணி நேரம் புளியமர நிழலில் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். அந்த எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. அதற்கு வந்து சேரவேண்டிய பெட்ரோல் வழியிலேயே ஆவியாகிப் போயிருக்கும்.

பெட்ரோல் பாதை என்பது டேங்க், பம்ப், ஃபில்டர், டியூப், ரெகுலேட்டர் என்று தனித்தனிச் சாமான்களின் பட்டியல் அல்ல. ஒன்றின் அளவை மாற்றினால் அடுத்ததும் மாறும். அதனால் டேங்க்கில் தொடங்கி எஞ்சினை நோக்கி வரக்கூடாது. எஞ்சினுக்கு என்ன வேண்டும் என்பதில் தொடங்கி, பின்னோக்கி டேங்க் வரை போகவேண்டும். செட்டிநாட்டில் ஓடப்போகிற வண்டிக்கு இன்னும் இரண்டு கணக்கு சேரும்: வெயில் ஒன்று, வண்டி மாதக்கணக்கில் சும்மா நிற்பது இன்னொன்று. குதிரைத்திறனைவிட இந்த இரண்டும்தான் பெரும்பாலான முடிவுகளைத் தீர்மானிக்கும்.

கணக்குப் போட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பழைய ஜீப் சேஸில் அமைந்த பெட்ரோல் பிக்கப். ஆதியில் 2.2 லிட்டர், சுமார் 70 குதிரைத்திறன் எஞ்சின், ஒற்றைக் கார்புரேட்டர், எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் மெக்கானிக்கல் பம்ப், ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் டேங்க். அதில் இப்போது இன்ஜெக்டர் வைத்த 2 லிட்டர், 140 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் வருகிறது.

முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம்

ஸ்பானரைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி பதிவுச் சான்றிதழில் உள்ள அடிப்படை விவரங்களை மாற்றும் எந்த மாற்றத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதோடு, 2021-இல் வந்த விதிப்படி 50 வயது கடந்த வண்டிகளுக்கு ‘விண்டேஜ்’ பதிவு கிடைக்கும். ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருந்தால் மட்டுமே அது கிடைக்கும். வண்டி முழுமையாக, கலப்படமில்லாமல் இருக்கிறதென்றால் அதை அப்படியே மீட்டெடுப்பதுதான் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. எஞ்சின் ஏற்கெனவே போய்விட்ட வண்டி, பாதி சாமான் காணாமல் போன வண்டி ஆகியவற்றுக்குத்தான் இந்த வேலை.

கண்மாயும் கலுங்கும்

நம் ஊர்க் கண்மாயைத் தெரிந்தவருக்குப் பெட்ரோல் பாதை புரிந்துவிடும். கண்மாய்தான் டேங்க். அடிமட்டத்தில் இருக்கும் மடைதான் பெட்ரோலை உறிஞ்சும் குழாய். மடையிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்கால்தான் லைன். நீர் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறினால் கலுங்கு வழியாக மிச்சம் வெளியேறிவிடும். பெட்ரோல் பாதையில் அந்தக் கலுங்கின் வேலையைச் செய்வது ரெகுலேட்டர். பம்ப் எப்போதும் எஞ்சினுக்கு வேண்டியதைவிட அதிகமாகத் தள்ளும். அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் ரெகுலேட்டர் திறந்து மிச்சத்தை டேங்க்குக்கே திருப்பி அனுப்பும்.

அந்த அளவு எவ்வளவு என்பதில்தான் கார்புரேட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் பெரிய வேறுபாடு. டயர் காற்றைச் சொல்வதுபோலப் பவுண்டில் சொன்னால், பழைய சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டருக்கு 2 முதல் 4 பவுண்டு போதும். பெரிய அமெரிக்கக் கார்புரேட்டர்கள் 5 முதல் 7 பவுண்டு வரை தாங்கும். இன்ஜெக்டர் எஞ்சினுக்கோ பொதுவாக 43.5 பவுண்டு, அதாவது 3 பார். சிலவற்றுக்கு 58 பவுண்டு, 4 பார். இன்ஜெக்டருக்கான பம்ப்பைக் கார்புரேட்டருக்கு நேராக இணைத்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் மிதவையின் ஊசி அந்த அழுத்தத்தைத் தாங்காமல் விலகிக்கொள்ளும். கார்புரேட்டர் நிரம்பி வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டும். தீப்பிடிக்க அது போதும். மாறாகக் கார்புரேட்டர் பம்ப்பை இன்ஜெக்டருக்கு வைத்தால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. அதில் ஆபத்து இல்லை, நேரம்தான் வீண்.

எவ்வளவு பெட்ரோல் வேண்டும்?

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் முழு ஆக்சிலேட்டரில், ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 227 கிராம் பெட்ரோல் கேட்கும். லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 0.3. ஆகவே:

140 × 0.3 = 42 லிட்டர் / மணி.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்கு இன்னும் சுமார் 8 சதவீதம் அதிகப் பெட்ரோல் ஊற்றவேண்டும். 42 என்பது 45 ஆகிறது. பம்ப் தேய்வது, ஃபில்டர் பாதி அடைவது, பேட்டரி வோல்ட் குறைவது ஆகியவற்றுக்காக 30 சதவீதம் கூட்டினால் 59. ஆக, மணிக்கு 60 லிட்டர், 43.5 பவுண்டு அழுத்தத்தில். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இனி வரும் எல்லாச் சாமானும் இதற்குத்தான் பதில் சொல்லவேண்டும்.

இன்ஜெக்டருக்கும் இதே கணக்குதான். நான்கு சிலிண்டரில் ஒவ்வொன்றும் 35 குதிரைத்திறன். நிமிடத்துக்குச் சுமார் 180 சி.சி. இன்ஜெக்டரை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பதால் 225. இ20-க்குச் சேர்த்து 240 சி.சி. எஞ்சினோடு வந்த இன்ஜெக்டர்களே பெரும்பாலும் இந்த அளவில் இருக்கும். அழுத்தத்தை 43.5-லிருந்து 58-க்கு ஏற்றினால் இன்ஜெக்டர் இரண்டு மடங்கு ஊற்றும் என்று நினைக்கவேண்டாம். வரத்து அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். அது 15 சதவீதம்தான்.

“பெரிய பம்ப்பாகவே போடுங்க” என்பார்கள்

கேட்கக்கூடாத யோசனை இது. மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பந்தயப் பம்ப் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக 60 லிட்டர் தேவைப்படும் எஞ்சினுக்கு அதைப் போடுவது நம் வெயிலில் நேரடித் தீங்கு. கணக்கைப் பாருங்கள். தேவகோட்டை ரோட்டில் நிதானமாக 70 கி.மீ. வேகத்தில் போகும்போது இந்த எஞ்சின் குடிப்பது மணிக்கு 8 முதல் 10 லிட்டர்தான். மிச்சம் 245 லிட்டர் எஞ்சின் அறைவரை போய், சூட்டை வாங்கிக்கொண்டு, டேங்க்குக்குத் திரும்புகிறது. 45 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் 11 நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தப் பெட்ரோலும் எஞ்சினைச் சுற்றி வந்துவிடும். கால் டேங்க் இருந்தால் மூன்று நிமிடம்கூட ஆகாது. பம்ப்பின் மோட்டார் சூடும் சேர்ந்து, ஒரு மணி நேர ஓட்டத்தில் டேங்க்கைத் தொட முடியாது.

இந்த வண்டிக்கு வேண்டியது, 43.5 பவுண்டில் 80 முதல் 120 லிட்டர் தள்ளும் சாதாரணக் கார் பம்ப். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்க்கும்போது, எந்த அழுத்தத்தில், எத்தனை வோல்ட்டில் என்று சேர்த்தே பாருங்கள். அழுத்தம் ஏதுமில்லாமல் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

வெயில்

பெட்ரோல் ஒரே வெப்பத்தில் கொதிப்பதில்லை. அதிலுள்ள லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் நம் ஊரில் நிழலிலேயே அந்த வெப்பம் இருக்கும். தார்ச்சாலையின் மேல்சூடு இதைவிட மிக அதிகம். இன்னொரு விஷயம், எந்தத் திரவத்தையும் உறிஞ்சி இழுத்தால் அதன் அழுத்தம் குறைந்து இன்னும் சீக்கிரம் கொதிக்கும். தள்ளினால் அழுத்தம் கூடி, கொதிப்பது தள்ளிப்போகும்.

பழைய ஏற்பாட்டின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் இருக்கிறது. டேங்க் இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரம் முழுக்கப் பெட்ரோலை அது உறிஞ்சுகிறது, அதுவும் எக்ஸாஸ்ட் பக்கமாக. லைனில் ஆவிக்குமிழ் சேர்ந்தால், டயஃப்ரம் என்ற ரப்பர் தோலால் இயங்கும் இந்தப் பம்ப்பால் அதை இழுக்க முடியாது. பட்டறையில் ‘ஏர் லாக்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். உள்ளே காற்று புகவில்லை, பெட்ரோலே ஆவியாகி நிற்கிறது. லைன் மேல் ஈரத்துணி போட்டால் வண்டி மறுபடி ஓடுவது அதனால்தான்.

ஆகவே முதல் விதி: பம்ப் டேங்க் பக்கம் இருக்கவேண்டும், முடிந்தால் டேங்க்குக்குள்ளேயே இருக்கவேண்டும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும் பம்ப்புக்குப் பெட்ரோலே குளிர்ச்சி, சத்தமும் குறைவு. வெளியில்தான் வைக்கவேண்டும் என்றால் டேங்க்கின் அடிமட்டத்துக்கும் கீழே, அரை மீட்டருக்குள், பெட்ரோல் தானாக இறங்கி வரும் இடத்தில் வையுங்கள். டேங்க்குக்கு மேலே, கேபினுக்குள், சுவரில் மாட்டிய பம்ப் கொஞ்ச நாளில் ‘ங்ங்ங்’ என்று அழும். உறிஞ்ச முடியாமல் குமிழைக் கடிக்கிற சத்தம் அது. அந்தப் பம்ப்புக்கு ஆயுள் அதிகமில்லை.

ரெகுலேட்டரை எங்கே வைப்பது என்பதும் வெயில் கணக்குதான். இன்ஜெக்டர் எஞ்சினுக்கு ரெகுலேட்டர் டேங்க் பக்கமே இருந்து, முன்னால் ஒற்றை லைன் மட்டும் போவது இங்கே நல்லது. மிச்சப் பெட்ரோல் எஞ்சின் அறைக்குப் போகாமலே டேங்க்கில் விழும். முன் லைனில் நிற்கும் பெட்ரோல் சூடானாலும் 43 பவுண்டு அழுத்தத்தில் இருப்பதால் எளிதில் கொதிக்காது. ஆனால் உங்கள் எஞ்சினின் இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இப்படி மாறாத அழுத்தத்தை எதிர்பார்க்கிறதா, அல்லது காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் வாக்குவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் அழுத்தத்தை எதிர்பார்க்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ரெகுலேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்கு மெல்லிய வாக்குவம் குழாய் போகும் எஞ்சின் என்றால், ரெகுலேட்டரை எஞ்சினிலேயே விட்டுவிட்டுத் திரும்பும் லைனும் போட்டாக வேண்டும்.

கார்புரேட்டரையே வைத்துக்கொள்கிறவர்களுக்கு நேர்மாறு. அங்கே அழுத்தம் குறைவு, சூடானால் கொதித்தே தீரும்; ஆகவே கார்புரேட்டருக்குச் சற்று முன்பிருந்து ஒரு திரும்பும் லைன் இருந்தால் ஆவி டேங்க்குக்குப் போய்விடும், குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் 10 மி.மீ. பேக்கலைட் தடுப்பு வைத்தால் மிதவைக் கிண்ணம் கொதிப்பதும் நிற்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப்பைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு வைத்து மூடிவிடுங்கள். அதன் டயஃப்ரம் இ20-இல் வெடித்தால் பெட்ரோல் நேராக எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் மட்டம் தானாக ஏறுகிறது, குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் வண்டியை அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

டேங்க்: சும்மா நிற்கிற வண்டியின் கதை

சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். கல்யாணம், கும்பாபிஷேகம், படைப்பு என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஊருக்கு வரும்போது மட்டும் வண்டி வெளியே வரும். இந்த ஒரு வழக்கமே டேங்க்கைத் தின்றுவிடுகிறது.

பாதி காலியான டேங்க் இரவும் பகலும் மூச்சு விடுகிறது. பகல் சூட்டில் ஆவி வெளியே போகும், இரவுக் குளிரில் ஈரக்காற்று உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. எத்தனால் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓர் அளவு வரை அது பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பிரிந்து அடியில் இறங்கிவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அதே அடியில்தான்.

ஆறு மாதம் நின்ற வண்டியின் டேங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பத்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். நல்ல பெட்ரோல் என்றால் ஒரே நிறத்தில் தெளிவாக இருக்கும். பிரிந்துவிட்டது என்றால் நடுவே ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே கொஞ்சம் கலங்கலாக, பாட்டிலைச் சாய்த்தால் எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் நகர்வதுபோலத் தனியாக நகரும். அடியில் செம்புழுதி போலப் படிந்திருப்பது நம் ஊர்ச் செம்மண் அல்ல, டேங்க்கின் துரு. இந்தப் பாட்டிலைப் பார்த்தபிறகு அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்க்கில் இருப்பது முழுவதையும் வடித்துவிடவேண்டும்.

பழைய டேங்க்கை மீட்பதா, புதிது கட்டுவதா? துரு மேலோட்டமாக இருந்தால் மீட்கலாம். சுத்தம் செய்து, பாஸ்போரிக் அமிலக் கரைசலால் துருவை எடுத்து, உடனே கழுவிக் காயவைத்து, எத்தனால் தாங்கும் எபாக்சி பூச்சு கொடுக்கவேண்டும். பழைய வகைப் பூச்சுகள் எத்தனாலில் கரைந்து, தோல் தோலாக உரிந்து ஃபில்டரை அடைக்கும். ஊசித் துளை விழுந்த டேங்க்குக்கு வெல்டிங் வைக்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது: நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் பயங்கரம். உள்ளே ஆவியும் காற்றும் சரியான அளவில் கலந்திருக்கும். ஒரு பொறி போதும். வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்த டேங்க்காக இருந்தாலும் சோப்பு கலந்த வெந்நீரால் பலமுறை கழுவி, வெல்டிங் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பாமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

எஞ்சின் மாறுகிற வண்டிக்குப் புது டேங்க்கையே நாங்கள் சொல்வோம். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 1.5 மி.மீ. தகடு, 45 லிட்டர். இடம் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் அல்ல. சேஸின் இரண்டு நீள ரெயில்களுக்கு நடுவே, பின் ஆக்ஸிலுக்கு முன்னால். மோதலில் நசுங்க வாய்ப்புக் குறைந்த இடம் அது; கேபினுக்குள் வாடையும் வராது. பழைய அமெரிக்க பிக்கப்புகளில் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே டேங்க் இருக்கும்; அதையும் இதே இடத்துக்கு மாற்றுங்கள்.

டேங்க்கை ஸ்டீல் பட்டையால் கட்டும்போது நடுவே ரப்பர் வைப்போம். ரப்பர் ஈரத்தைப் பிடித்து வைத்தால் அதற்கு அடியில் அரிப்பு தொடங்கும், அலுமினிய டேங்க்கில் இன்னும் வேகமாக. இரு வேறு உலோகம் நடுவே ஈரம் இருந்தால் அது ஒரு பேட்டரிதான். 1953-இல் திறக்கப்பட்ட நம் காரைக்குடி சிக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆராய்ச்சியில் இந்த உலோக அரிப்பும் ஒரு முக்கியத் துறை. டேங்க் கட்டுகிறவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது எளிது: தண்ணீர் உறிஞ்சாத ரப்பர், தண்ணீர் வடிந்து போக இடைவெளி.

உள்ளே தடுப்புத் தகடுகள் வேண்டும். இல்லையென்றால் திருப்பத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். கார்புரேட்டர் வண்டி அதைப் பொறுத்துக்கொள்ளும், கிண்ணத்தில் கொஞ்சம் இருப்பு உண்டு. இன்ஜெக்டர் ஒரு நொடிகூடப் பொறுக்காது. இதற்கு நல்ல தீர்வு ஒன்று தயாராகவே இருக்கிறது. எஞ்சின் எந்தக் காரிலிருந்து வந்ததோ அதே காரின் டேங்க் மாட்யூலை வாங்கிவிடுங்கள். பம்ப், சல்லடை, பெரும்பாலும் ரெகுலேட்டர், மீட்டர் மிதவை எல்லாம் ஒரு வாளிபோன்ற கிண்ணத்துக்குள் இருக்கும். டேங்க்கில் பெட்ரோல் எந்தப் பக்கம் ஓடினாலும் அந்த வாளி நிறைந்தே இருக்கும். அழுத்தமும் எஞ்சினுக்குத் தானாகவே பொருந்தும். மாட்யூலின் உயரத்தை அளந்த பிறகுதான் டேங்க்கின் உயரத்தை முடிவுசெய்யவேண்டும். முதலில் டேங்க்கைக் கட்டிவிட்டுப் பிறகு மாட்யூல் தேடுவது தலைகீழ் வேலை. பழைய மீட்டரின் ஓம் அளவும் புது மிதவையின் ஓம் அளவும் ஒத்துப்போகாவிட்டால் முள் தலைகீழாகவோ பாதியிலோ நிற்கும். அதற்கு ஓம் அளவை மாற்றிக் கொடுக்கும் சிறு மின்பலகை உண்டு.

அடியில் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் போல்ட் கட்டாயம். மேலே 6 மி.மீ. மூச்சுக்குழாய், வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வோடு. மூச்சுக்குழாயைக் குளவிக் கூடு அடைத்துவிடுவது நம் பக்கம் சகஜம். அப்போது வண்டி பதினைந்து இருபது நிமிடம் நன்றாக ஓடி நிற்கும். டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும். மூடியபின் மறுபடி ஓடும். வாய்ப்பக்கம் ஒரு சிறு கம்பிவலை வைத்துவிட்டால் குளவி வராது.

ஆறு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்க்கை ஏறத்தாழ முழுக்க நிரப்பிவிடுங்கள், உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது. ஆறு மாதம் என்றால் முழுக்க வடித்துவிடுங்கள். நடுவே கால் டேங்க்கோடு விடுவதுதான் கெடுதல். வடித்த பெட்ரோலை வீட்டில் சேர்த்து வைக்கவேண்டாம். 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்திருக்கப் பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

டியூப், ஹோஸ், ஃபில்டர்

மணிக்கு 60 லிட்டருக்கு 8 மி.மீ. ஸ்டீல் டியூப் தாராளம். திரும்பும் லைன் இருந்தால் 6 மி.மீ. குதிரைத்திறன் 250-ஐத் தாண்டினால்தான் 10 மி.மீ. பற்றி யோசிக்கவேண்டும். வளைப்பது சுலபம் என்று ஏ.சி. வேலைக்கான செம்பு டியூப்பைப் போடுவார்கள். செம்பு பெட்ரோலில் பிசின் படிவதைத் துரிதப்படுத்தும், அதிர்வில் இறுகி வெடிக்கும், வேண்டாம்.

டியூப் சேஸ் ரெயிலின் உள்பக்கமாக, 40, 45 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப்போடு போகட்டும். எக்ஸாஸ்ட்டிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி, அது முடியாத இடத்தில் நடுவே தகடு. ரெயிலின் அடிவிளிம்பில் போட்டால் ஊருக்குள் ஒரு மேட்டில் உரசியதும் கதை முடிந்தது.

ஹோஸ்தான் அதிகம் ஏமாற்றும் சாமான். சேஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, டேங்க்குக்கும் டியூப்புக்கும் நடுவே ஒரு சாண் அளவுக்கு மட்டும் ஹோஸ் இருக்கட்டும், மற்றதெல்லாம் டியூப். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கவேண்டும். ஆர்7 கார்புரேட்டருக்கு மட்டும்தான். டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கி இருக்கும் துண்டுக்கு ஆர்10 வேண்டும், ஆர்9 வெளியிலிருந்து ஊறிப் பிய்ந்துவிடும். எழுத்தே இல்லாத கறுப்பு ஹோஸைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்கவேண்டாம். எத்தனாலில் அதன் உள்தோல் வீங்கிக் கழன்று கதவுபோல மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதாகவே தெரியும்.

டியூப் முனையில் ஒரு சிறு வளையப் புடைப்பு எடுக்கவேண்டும். வழுவழுப்பான முனையில் எவ்வளவு இறுக்கினாலும் 43 பவுண்டில் ஹோஸ் ஒருநாள் கழன்றுவிடும். கிளிப்பும் பல் வெட்டிய சாதாரண வகை அல்ல, சுற்றிலும் சமமாக இறுகும் இன்ஜெக்ஷன் கிளிப்.

ஃபில்டர் இரண்டு. வெளிப் பம்ப்புக்கு முன்னால் 100 மைக்ரான் கரடு வலை, பின்னால் 10 மைக்ரான் நுண் ஃபில்டர். இடம் மாறிப்போனால் பம்ப் உறிஞ்ச முடியாமல் செத்துவிடும். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டர் அழகாக இருக்கும்; இன்ஜெக்டர் அழுத்தத்தில் வெடிக்கும். புது வேலை முடிந்த வண்டியில் முதல் ஃபில்டரை 100 கி.மீ.யிலும், அடுத்ததை 500 கி.மீ.யிலும் மாற்றுங்கள். வெல்டிங் துகளும் லேத் சீவலும் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சும்.

வயர்

பம்ப் சரியில்லை என்று மாற்றப்படும் பல பம்ப்புகள் நல்ல பம்ப்புகள்தான். பழைய வண்டி 6 வோல்ட் என்றால் முதலில் 12-க்கு மாற்றியாக வேண்டும். இக்னிஷன் ஸ்விட்சிலிருந்து நேராக ஒல்லி வயரை இழுத்துப் பம்ப்புக்குக் கொடுக்காதீர்கள். 8 ஆம்பியர் இழுக்கும் பம்ப்புக்கு 5 மீட்டர் தூரம் 1 சதுர மி.மீ. வயரில் போனால் வழியிலேயே 0.7 வோல்ட் தொலையும், 2.5 சதுர மி.மீ. என்றால் 0.3. ஒரு வோல்ட் குறைந்தாலே வரத்து பத்து சதவீதம் அளவுக்குக் குறையும். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், 30 ஆம்பியர் ரிலே, 2.5 சதுர மி.மீ. வயர். எர்த்துக்கும் அதே தடிமனில் தனி வயர். துருப்பிடித்த சேஸை நம்பவேண்டாம். பம்ப் ஓடும்போது அதன் இரு முனையிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரில்தான் குறை.

எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்கவேண்டும். இ.சி.யு. இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்: சாவி போட்டதும் இரண்டு நொடி ஓடி நின்று, எஞ்சின் சுழன்றால் மட்டும் மறுபடி ஓடும். கார்புரேட்டருக்கு எலெக்ட்ரிக் பம்ப் வைப்பவர்கள் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக ரிலேவைக் கட்டுங்கள். அதோடு மோதலில் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச் இரண்டு வகைக்கும் வேண்டும். பெட்ரோல் ஊற்றும் வாயின் கழுத்து ரப்பரில் நிற்கிறது என்றால், அதிலிருந்து சேஸுக்கு ஒரு எர்த் வயர் கட்டுங்கள். ஊற்றும்போது உண்டாகும் நிலைமின்சாரத்துக்கு அது வழிவிடும்.

பெட்ரோல் ஊற்றும் நாள்

திறந்த வெளியில், காலை நேரத்தில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். டேங்க்கை அதற்கு முன்பே 2 பவுண்டு காற்று கொடுத்துச் சோப்பு நுரை தடவிச் சோதித்திருக்கவேண்டும். அதற்கு மேல் காற்று கொடுத்தால் டேங்க் உப்பிவிடும். முதலில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். பம்ப்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு விரலில் சில்லென்று தெரியும்.

பிறகு வரத்துச் சோதனை. திரும்பும் லைனைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, எஞ்சின் ஓடாமல், பம்ப்பை 30 நொடி ஓட்டுங்கள். கேனில் அரை லிட்டராவது விழவேண்டும். சுவரில் ஒட்டிய 60 லிட்டரின் கணக்கு அதுதான். டேங்க்குக்குள்ளேயே ரெகுலேட்டர் இருந்தால் திரும்பும் லைன் கைக்குக் கிடைக்காது. அந்த வண்டியில் முன்னால் அழுத்த மீட்டரை மாட்டி, முழு ஆக்சிலேட்டரில் ஓட்டும்போது முள் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். 2, 3 பவுண்டுக்கு மேல் இறங்கினால் பம்ப், ஃபில்டர், வயர் என்று அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுத் தேடுங்கள், வயர்தான் முதலில்.

எஞ்சினை நிறுத்தியபின் முள் உடனே பூஜ்யத்துக்கு விழக்கூடாது. ஒரு நிமிடத்துக்குள் விழுந்தால் பம்ப்பின் ஒருவழி வால்வோ, ரெகுலேட்டரோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணம். இந்த வண்டிதான் சூட்டில் நிறுத்தி எடுக்கும்போது அடம்பிடிக்கும்.

கடைசிச் சோதனையை வேண்டுமென்றே நல்ல உச்சி வெயிலில் செய்யுங்கள். மீட்டரைக் கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டு, காரைக்குடியிலிருந்து திருமயம் வரை ஓட்டி, கோட்டை அருகே எஞ்சினை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் பானெட்டைத் திறக்காமல் விடுங்கள். நிறுத்திய பத்து, இருபது நிமிடத்துக்குள்தான் எஞ்சின் அறைச் சூடு உச்சத்துக்குப் போகும். அப்போது சாவியைப் போட்டு, பம்ப்பின் இரண்டு நொடிச் சத்தம் அடங்கும்வரை பொறுத்து, முள்ளைப் பாருங்கள். 43-இல் ஆடாமல் நின்றால் ஸ்டார்ட் செய்து ஊர் திரும்பலாம். முள் நடுங்கினால் லைனில் ஆவி இருக்கிறது. எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் போகும் டியூப்பைக் கையால் தொடாமல், மேலே சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுருக்கென்று காயும் இடத்தில்தான் தகடு வைக்கவேண்டும்.